வடிச்சல் தண்ணீருக்கும் ஒரு திகதி

களுதாவளைப் பக்கம் எங்கள் பெரிய மாமாவுக்கு ஒரு மிளகாய்த் தோட்டம் இருந்தது. ஒரு ஓரத்தில் வெற்றிலைக் கொடி, நடுவே கிணறு, கிணற்றைச் சுற்றி வெடித்துப்போன சீமெந்துக் கட்டு. காலை வெயில் ஏறுமுன் மருந்தடித்து முடித்துவிடுவார். பிறகு முதுகிலிருந்த மருந்து மெசினை இறக்கிக் கிணற்றடியில் வைத்து, இரண்டு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றி உள்ளே குலுக்கிக் கவிழ்ப்பார். பால்போல வெள்ளையாக ஒரு தண்ணீர் சீமெந்தில் ஓடி, வெடிப்புக்குள் இறங்கி, அரை நிமிடத்தில் காணாமல் போகும். மணல் அதைக் குடித்துவிடும்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் கேட்டேன், ஏன் மாமா கிணத்தடியில கழுவுறீங்க என்று. "பின்ன எங்க மனே கழுவுற? தண்ணி இஞ்சதானே இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அடுத்த வாளியை அள்ளிக் கை கழுவினார். அதற்கடுத்த வாளியில் வாய் வைத்துக் குடித்தார்.

அவரைக் கவனமில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் சொன்னது முழு உண்மை. தண்ணீர் அங்கேதான் இருந்தது. பயிரும் வீடும் மலசலகூடமும் குடிக்கிற கிணறும் ஒரே மணலில், சில பத்து அடிக்குள் இருந்தன. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் நீர் மாசடைவதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பெரிய தொழிற்சாலைப் புகைபோக்கியைத் தேடிப் பயனில்லை. இந்த நெருக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் நிலத்தின் அமைப்பு அப்படி. மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. அதற்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. படுவான்கரையில் வயலும் குளமும். எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணல் திட்டு. அதன்மேல்தான் ஊருக்கு ஊர் மதில் தொட்டு நிற்கிறது. தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று அம்பாறைக் கரை தொடங்கினாலும் கதை மாறுவதில்லை. மேற்கே வட்டை வட்டையாக வயல், கிழக்கே மணலில் நெருங்கிய குடியிருப்பு. வயலிலிருந்து வடிகிற தண்ணீர் கிழக்கு நோக்கி ஓடி வாவிக்கும் களப்புக்கும் தோணா என்கிற கரையோர ஓடைகளுக்கும் வருகிறது. கடலுக்குப் போகும் வழி அகலமில்லை. வாவிக்கு மட்டக்களப்பு நகருக்கு அருகே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும்தான் வாய். கோடையில் மணல் மூடிவிட்டால் வாவிக்குள் வந்த எல்லாம் வாவிக்குள்ளேயே நிற்கும்.

இரண்டு கரைகளிலும் நஞ்சு சேருகிற வழி வேறு வேறு. தடுக்கிற வழியும் வேறாகத்தான் இருக்க முடியும்.

எழுவான்கரை: கிணறும் குழியும்

கரையோர மணலுக்கு அடியில் நன்னீர் ஒரு வில்லையைப்போல உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. மழை பெய்தால் வில்லை தடிக்கும், கோடையில் மெலியும், அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு இதை நம் ஊர்கள் நேரிலேயே கண்டன. கடல்நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தமாக்குவதாக எண்ணி மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்த இடங்களில் உப்பு இன்னும் கூடியது. இறைப்பதை நிறுத்தி மாரிமழைக்கு விட்ட கிணறுகள்தான் மெல்ல மெல்லத் தேறின. மேலேயிருந்து விழுகிற எதையும் மணல் தடுக்காமல் உள்ளே விடும் என்பது அந்த நாட்களின் பாடம். மழையை விடுவதுபோலவே மற்றவற்றையும் விடும்.

மலசலகூடக் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். அனர்த்த கால முகாம்களுக்கென உலகம் முழுவதும் பயன்படும் ஸ்பியர் கையேடு, குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 30 மீற்றர் இடைவெளி கேட்கிறது. குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இப்போது ஒரு 10 பேர்ச் வளவை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 253 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 16 மீற்றர், மூலைக்கு மூலை 22 மீற்றருக்குச் சற்றுக் கூட. வளவின் இந்த மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் வெட்டினாலும் 30 மீற்றர் வராது. 6 பேர்ச் வளவென்றால் மூலைக்கு மூலை 17 மீற்றர்தான். அதோடு உங்கள் குழி உங்கள் கிணற்றுக்குத் தூரமாக இருந்தாலும் பக்கத்து வளவுக் கிணற்றுக்கு அது மதிலுக்கு அந்தப் பக்கம்தான். காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருங்கிய ஊர்களில் இந்தக் கணக்கை யாராலும் சரிசெய்ய முடியாது. மாரியில் நீர்மட்டம் முற்றத்தைத் தொடும்போது ஒன்றரை மீற்றர் விதியும் மூழ்கிப்போகும்.

குழியிலிருந்து வருகிற கிருமியைக் கொல்லலாம். குளோரின் போடலாம், கொதிக்க வைக்கலாம். ஆனால் அதே குழியிலிருந்தும் தோட்டத்துப் பசளையிலிருந்தும் வருகிற இன்னொன்று இருக்கிறது, நைத்திரேற்று. அதற்கு நிறமும் மணமும் சுவையும் இல்லை.

யூரியா மண்ணில் விழுந்ததும் முதலில் அமோனியமாகிறது, பிறகு பக்டீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. களிமண் அமோனியத்தை ஓரளவு பிடித்து வைக்கும். நைத்திரேற்றை எந்த மண்ணும் பிடிக்காது, அதுவும் நம் கரையோர மணல் சொல்லவே வேண்டாம். இறைக்கிற தண்ணீரோடு சேர்ந்து நேரே கிணற்று மட்டத்துக்குப் போகும். அளவைக் கணக்குப் போட்டால் திடுக்கிடும். 50 கிலோ யூரியா மூட்டையில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கீழே கசிந்து நைத்திரேற்றானால் சுமார் 10 கிலோ வரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த 10 கிலோ, ஏறத்தாழ 2 இலட்சம் லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தப் போதும். கூரைமேல் வைக்கிற 1000 லீற்றர் தாங்கிகள் 200. ஒரு மூட்டையில் பத்தில் ஒரு பங்குக்கே இந்தக் கணக்கு.

யாருக்கு ஆபத்து என்று கேட்டால், எல்லோரிலும் முதலாவது பால்மா கரைத்துக் குடிக்கிற கைக்குழந்தைக்கு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற வேலையைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். இதில் நம் வீடுகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகப் போவதால் மிச்சத் தண்ணீரில் அது இன்னும் செறிவாகும். பிள்ளைக்கு நல்லது என்று நீண்ட நேரம் கொதிக்க வைக்கிற தாய் தெரியாமலே அளவைக் கூட்டிவிடுகிறாள். துணியால் வடிப்பதும் மெழுகுதிரி வடிவ வடிகட்டியும் இதற்கு உதவாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் தோட்டக் கிணற்றுத் தண்ணீரைப் பால்மாவுக்கு எடுக்காமல் விடுவதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றுநீரைச் சோதிப்பதும்தான் வழி. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

மணல் திட்டில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே சாயம் தோய்த்த தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி நெசவாளரின் சொந்தக் கிணற்றைப் பற்றிய கேள்வி. அடி வளவில் எரிக்கிற பொலித்தீன் குவியலும் அப்படித்தான், சாம்பல் மணலில் தங்கி மழையோடு இறங்கும். சாய்ந்தமருதுத் தோணா, காரைதீவுத் தோணா என்று நாம் பெயர் சொல்லி அழைக்கிற ஓடைகள் ஒருகாலம் மழைவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசேர்த்த நரம்புகள். இன்று அவற்றுக்குள் குப்பையும் கழிவுநீரும் தேங்கி நிற்பதை அந்த வழியாகப் போகிற எவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கலாம்.

படுவான்கரை: மருந்தடித்த பின் மழை

வயல் பக்கம் போவோம். நான் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நாம் கையில் எடுக்கக்கூடிய வேலை இங்கேதான் கூடுதலாக இருக்கிறது என்று நம்புகிறேன்.

பெரும்போகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைக்கிறோம். விதைத்த முதல் சில கிழமைகளுக்குள் புல்லுக்கு மருந்தடிக்கிறோம். வடகீழ்ப் பருவமழை கொட்டுவதும் அந்தக் கிழமைகளில்தான். வருடம் முழுவதிலும் வயலில் களைநாசினி மிகக் கூடுதலாக இருக்கிற நாட்களும் வாய்க்காலில் தண்ணீர் மிகக் கூடுதலாக ஓடுகிற நாட்களும் ஒன்றாக வருகின்றன. வரம்பு உடைத்துக்கொண்டு ஓடுகிற செந்நீர், நேற்று அடித்த மருந்தில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு வடிச்சல் வாய்க்காலில் இறங்குகிறது. வடிச்சல் ஓடை சேர்ந்து ஆறாகிறது, ஆறு வாவியில் விழுகிறது. அந்த நேரம்தான் மீனவர் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று கேட்டுக்கொண்டிருப்பர். வயல் மூழ்குகிறது, உடனே வெட்டுங்கள் என்று விவசாயி சொல்வார். மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும், பொறுங்கள் என்று மீனவர் சொல்வார். இந்த இழுபறி ஆண்டுதோறும் நடக்கிறது. ஆனால் வாவிக்குள் வருகிற தண்ணீர் எதைச் சுமந்து வருகிறது என்பது அந்தப் பேச்சில் வருவதேயில்லை.

மருந்தின் அளவைப் பற்றி ஒரு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் எந்தவொரு பீடைகொல்லிக்கும் வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 0.1 மைக்குரோகிராம். உடலுக்குக் கேடு தொடங்குகிற புள்ளி அதுவல்ல, குடிநீரில் இது இருக்கவே கூடாது என்ற எண்ணத்தில் வைத்த கடுமையான எல்லை. அந்த எல்லையின்படி ஒரேயொரு கிராம் மருந்துச் சத்து 1 கோடி லீற்றர் தண்ணீரை எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். மருந்துப் போத்தலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சத்திலேயே ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். கிணற்றடியில் மாமா கவிழ்த்த அந்த வெள்ளைத் தண்ணீரை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

மட்டக்களப்பு நகருக்குக் குழாயில் வருகிற தண்ணீரின் ஊற்று உன்னிச்சைக் குளம். வவுணதீவில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். அம்பாறைப் பக்கம் கொண்டவட்டுவான் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் கரையோர ஊர்களுக்கு வருகிறது. குழாய் வந்தது பெரிய ஆறுதல், முன்னே சொன்ன குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான கணக்கிலிருந்து மக்களை அது காப்பாற்றுகிறது. ஆனால் படிகாரம் போட்டுக் கலங்கலை அடியில் தங்கவைத்து, மணலில் வடித்து, குளோரின் சேர்க்கிற வழமையான முறை கிருமிக்கும் கலங்கலுக்கும் உரியது. தண்ணீரில் கரைந்த பீடைகொல்லியில் பெரும்பகுதியையும் நைத்திரேற்றையும் அது எடுக்காது. அதற்கு வேறு, விலைகூடிய படிகள் வேண்டும். ஆகவே குளத்துக்கு மேலே, நீரேந்து பரப்பில் என்ன அடிக்கிறார்கள் என்பது நகரத்துச் சமையலறை வரைக்கும் வருகிற விடயம்.

வயல் மட்டும் குற்றவாளி அல்ல. நெல்லைப் புழுங்க வைக்க ஊறப்போடுகிறோமே, அந்த ஊறல் தண்ணீர். ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு லீற்றருக்கு மேல் வேண்டும். மஞ்சள் நிறத்தில், இரண்டு நாள் தேங்கினால் புளித்து நாறுகிற தண்ணீர். அது நஞ்சு அல்ல, மாச்சத்தும் உமிச்சத்தும் கரைந்தது. ஓடைக்குள் விழுந்ததும் அதைத் தின்ன வருகிற பக்டீரியாக்கள் தண்ணீரிலிருக்கிற ஒட்சிசனை எல்லாம் எடுத்துவிடும். மீனுக்கு மூச்சு முட்டும். உள்நாட்டு நீர்நிலையில் விடுகிற கழிவுநீரின் உயிர்வேதி ஒட்சிசன் தேவை, அதாவது அதிலுள்ள அழுக்கைத் தின்ன பக்டீரியாக்கள் எடுக்கிற ஒட்சிசனின் அளவு, லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதி வைத்தது. சுத்திகரிக்காத ஊறல் நீரில் அது பல நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆலைகள் நெருங்கிய பகுதிகளில் ஓடை ஏன் கறுக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். இரண்டு மூன்று குளம் வெட்டி, காற்றூட்டி, தங்கவைத்து விட்டாலே பெரும்பகுதி சரியாகும். தொழில்நுட்பம் கடினமானதல்ல. செலவு செய்ய மனமும், கேட்க ஆளும்தான் வேண்டும்.

பசளை வாவிக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதை ஆற்றுவாழை சொல்லும். ஓடை முழுக்கப் பச்சைப் பாய் விரித்தாற்போல ஆற்றுவாழையும் சல்பீனியாவும் மூடிக் கிடப்பது நைதரசனும் பொசுபரசும் கூடியதன் அடையாளம். அது அழுகும்போது ஒட்சிசன் குறையும். விடியற்காலை மீன் செத்து மிதந்தால் ஊரில் உடனே யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று பேச்சு வரும். சில வேளை அது உண்மையாக இருக்கலாம். பல வேளை பாசியும் தாவரமும் இரவு முழுவதும் மூச்சுவிட்டு ஒட்சிசனைத் தீர்த்துவிட்ட விடியல்தான் அது. இரண்டையும் பிரித்தறிய, செத்த மீனோடு அந்த நேரத்துத் தண்ணீரும் சோதனைக்குப் போக வேண்டும். அடுத்தநாள் எடுத்த தண்ணீர் எதையும் காட்டாது.

தடையால் எது முடிந்தது, எது முடியவில்லை

இலங்கையில் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980இன் 33ஆம் இலக்கம். அதன் கீழ் நாடு செய்த ஒரு வேலையைப் பெருமையாகச் சொல்ல வேண்டும். 1984இல் பரதயன் வகைகள், 1995இல் மெத்தமிடோபொஸ் உட்பட மிகக் கொடிய நச்சு வகைகள், 1998இல் எண்டோசல்பான், பின்னர் பரகுவாற் என்று படிப்படியாக நிறுத்தப்பட்டன. 1995இல் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்த நம் நாட்டின் தற்கொலை வீதம் அடுத்த பத்தாண்டில் பாதியாகக் குறைந்தது. நம் வட்டைகளிலும் எத்தனை வீடுகளில் அந்தப் போத்தல் ஒரு கோப நேரத்தில் கைக்கெட்டியது என்பதை மூத்தவர்கள் அறிவர். உடனே கொல்கிற நஞ்சைக் கடையிலிருந்து எடுத்ததால் உயிர்கள் பிழைத்தன. இதில் சந்தேகமே இல்லை.

தண்ணீரின் விடயத்தில் தடை அப்படி வேலை செய்யவில்லை. கிளைபோசேற்று 2015இல் தடைசெய்யப்பட்டது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதிக்கப்பட்டது, 2022இல் தடை நீங்கியது. 2021இல் செயற்கைப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். அந்தப் பெரும்போகத்தில் வயல்கள் மஞ்சளாக நின்றதை நாம் மறக்க முடியாது. ஆண்டு முடியுமுன் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. வர்த்தமானியில் வந்தது, வர்த்தமானியில் போனது. இடையில் வயலில் இறங்கியவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, கற்றுக்கொடுக்கவுமில்லை. மருந்து திரும்பி வந்தபோது கிணற்றடிக் கழுவலும் அப்படியே திரும்பி வந்தது.

சிறுநீரக நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீரைப் பற்றிப் பேசினால் உடனே அதுதான் பேச்சுக்கு வரும். 1990கள் முதல் வடமத்திய மாகாணத்திலும், அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிப் பக்கத்திலும் விவசாயக் குடும்பங்களைத் தாக்கிவரும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று ஒன்றைத் திட்டமாக நிறுவவில்லை. வன்னீர், வெப்பம், நீர் குடிக்காமை, விவசாய இரசாயனம் என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. பசளையையும் மருந்தையும் கவனமாகக் கையாளச் சொல்ல அந்த நோயைத் துணைக்கழைக்க வேண்டிய தேவை எனக்கில்லை. நைத்திரேற்றும் செத்த ஓடையும் தனியே போதுமான காரணங்கள்.

இனி நான் பல காலமாகச் சொல்ல நினைத்த ஒன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சக்கிரமென்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு நம்மைப்போல நெல் விளைகிற பூமி. 1980களின் தொடக்கத்தில் வயல்களிலிருந்து வடிந்த களைநாசினிகளால் அங்கே வடிச்சல் ஓடைகளில் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன, நகரத்துக் குழாய்த் தண்ணீர் கசந்தது. அவர்கள் மருந்தை உடனே தடைசெய்யவில்லை. மருந்தடித்த பின் வயலிலிருந்து தண்ணீர் விடக்கூடாது என்று நாள் குறித்தார்கள். முதலில் சில நாள், பிறகு படிப்படியாகச் சில மருந்துக்கு 28 நாள் வரை. வெயிலும் மண்ணும் நுண்ணுயிரும் அந்த நாட்களில் மருந்தை வயலுக்குள்ளேயே சிதைத்தன. ஆற்றில் மருந்தின் அளவு பெருமளவு இறங்கியது, மீன் சாவு நின்றது. நெல்லும் விளைந்தது. அங்கே மாறியது ஒரேயொரு விடயம்: தண்ணீர் எப்போது வயலைவிட்டு வெளியேறலாம் என்பது.

நமக்கு இது புதிய கருத்தே அல்ல. தண்ணீருக்கு நாள் குறிப்பது நம் பரம்பரைத் தொழில். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. எந்தத் திகதியில் குளம் திறப்பது, எந்தத் திகதிக்கு முன் விதைத்து முடிப்பது, எந்த இன நெல், எந்தத் திகதிக்குள் மாடுகளை வட்டையிலிருந்து அப்புறப்படுத்துவது, எல்லாம் அங்கே தீர்மானமாகிறது. வாய்க்கால் தண்ணீரைக் கவனிக்கிற வட்டவிதானை நின்று கண்காணிப்பார். கூட்டத் தீர்மானம் சட்டத்தால் கட்டுப்படுத்தும், மீறினால் தண்டம். வாய்க்காலில் வருகிற தண்ணீருக்கு இத்தனை ஒழுங்கு. வடிச்சலில் போகிற தண்ணீருக்கு ஒரு வரிகூட இல்லை.

விவசாயிகள் ஒன்றுசேர்ந்து தண்ணீரை ஒழுங்குபடுத்த முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அம்பாறையிலேயே விடை இருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில், பட்டிப்பளை ஆற்றுத் தண்ணீர் கடைக்கோடி வயலுக்குப் போகாமல் மேட்டுவயலிலேயே முடிந்துபோகிற நிலை இருந்தது. 1980களின் முதற்பகுதியில் கொழும்புக் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கொர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை வயல் வாய்க்கால் மட்டத்தில் அனுப்பி விவசாயக் குழுக்களை அமைத்தன. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர் கூடிப் பேசி முறை வைத்தனர், வாய்க்காலைத் தாங்களே துப்புரவாக்கினர். சிங்களவரும் தமிழரும் அதிலிருந்தனர், அதுவும் நாடு எரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில். அதே தண்ணீரில் கூடுதல் வயல் விளைந்தது. நோர்மன் அப்கொவ் என்ற ஆய்வாளர் இதை விரிவாகப் பதிவுசெய்து, பல நாடுகளில் பாடமாகப் படிக்கிற நிலை வந்தது. நம் மண்ணில் நடந்ததை நாமே மறந்துவிட்டோம்.

எழுவான்கரையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் இல்லை, ஆனால் சட்டம் உண்டு. சுற்றாடல் சட்டம் 1980இன் 47ஆம் இலக்கம், 1988இல் அதைத் திருத்திக் கொண்டுவந்த சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், சிறு தொழில்களுக்கு அதை வழங்குகிற உள்ளூராட்சி மன்றம். பொதுத் தொல்லைக்கு எதிராக நீதவானிடம் போகக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு. 2017 முதல் நடைமுறையிலிருக்கிற தகவலறியும் உரிமையும் கையில் இருக்கிறது. உங்கள் ஊரில் ஒரு ஆலைக்கு உரிமம் இருக்கிறதா, கடைசியாக எப்போது கழிவுநீர் சோதிக்கப்பட்டது, அறிக்கையின் பிரதி தாருங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வக்கீல் தேவையில்லை, தமிழில் எழுதலாம்.

வழக்கு கடைசி வழி என்பதை யாழ்ப்பாணம் காட்டுகிறது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2015இல் உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், 2019 ஏப்ரலில் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நீதிமன்றம் நிலைநாட்டிய பெரிய தீர்ப்பு அது. ஆனால் நான்கு ஆண்டுகள் அந்தக் கிணற்றுக்காரர் தண்ணீருக்கு வாளியோடு அலைந்தார்கள். நிலத்தடியில் இறங்கியதைத் தீர்ப்பு திரும்ப மேலே எடுக்காது.

குப்பையிலும் அதே கதைதான். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022இல் உலகச் செய்தி ஆனது. யானையின் வயிற்றில் போனதைக் கண்டோம். அதே மேட்டிலிருந்து மழைக்குக் கசிந்து போவதைக் காணவில்லை.

மாமா இப்போது தோட்டம் செய்வதில்லை. மகன்தான் செய்கிறான், எனக்கு மச்சான். போன வருடம் அவனோடு ஒரு முழு நாள் நின்றேன். கிணற்றடிக்குப் பதிலாகத் தோட்டத்தின் மற்ற மூலையில் ஒரு நீலப் பரலில் தண்ணீர் வைத்திருந்தான். மருந்துப் போத்தலைத் தீர்ந்ததும் மூன்று தரம் கழுவி, கழுவிய தண்ணீரை மெசினுக்குள்ளேயே ஊற்றி அடித்தான். "காசு குடுத்து வாங்கின மருந்துதானே மச்சான், அத ஏன் மண்ணில ஊத்த" என்றான். வெறும் போத்தலில் ஆணியால் ஓட்டை போட்டான், யாரும் எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றிவைக்காமல் இருக்க. மெசின் கழுவிய தண்ணீரையும் மிளகாய் வரிசையிலேயே தெளித்தான். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்.

அவன் வயலும் செய்கிறான். கடந்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், வேறு விடயங்கள் என்ற தலைப்பு வந்தபோது எழுந்து, புல்லுக்கு மருந்தடித்து ஏழு நாளுக்கு வடிச்சலைத் திறக்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் எழுதலாமா என்று கேட்டான். முதலில் சிரித்தார்கள். பிறகு முன்வரிசையிலிருந்த வயதான வட்டவிதானை ஒருவர், சிறுபோகத்துக்குச் சரி, பெரும்போகத்தில் மழை இரவு முழுக்கக் கொட்டினால் எப்படித் தம்பி மறிக்கிறது, வரம்பு உடையுமே என்றார். நல்ல கேள்வி, உண்மையான கேள்வி. அடுத்து அரைமணி நேரம் வரம்பின் உயரத்தைப் பற்றியும், மழைக்கு முன் மருந்தடிக்காமல் வானிலை அறிவிப்பைப் பார்த்து நாள் எடுப்பதைப் பற்றியும், கடைசி வயலுக்கும் வடிச்சலுக்கும் இடையில் ஒரு துண்டைத் தண்ணீர் தங்க விடுவதைப் பற்றியும் பேச்சுப் போனது. தீர்மானம் எடுக்கவில்லை. சிறுபோகக் கூட்டத்தில் திரும்ப எடுப்பதாகக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.